கருப்பைப் புற்றும் கறுப்பு ஸ்திரீகளும்

(ஒரு வாசகசாலையில் மாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஸ்திரீகளின் கருப்பையில் உண்டாகும் புற்றுநோயைப் பற்றியதாகும். இப்படிச் சொன்னவுடனே சில தோழர்கள் தலையைக் குனிந்துகொள்ளுவது எனக்குத் தெரிகின்றது. கண்ணில் வரும் நோயைப் பற்றிப் பேசலாம், வயிற்றில் வரும் நோயைப் பற்றிப் பேசலாம், ஆனால் நாம் எல்லோரும் பத்து மாதம் வாடகை கொடுக்காமல் குடியிருந்த இடத்தில் வரும் நோயைப் பற்றி மாத்திரம் பேசக்கூடாது என்றால் அது என்ன நியாயம் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆகவே வெட்கப்படுகிறவர்கள் அதைக் கழற்றி வெளித்திண்ணையில் வைத்துவிட்டு ஒரு அரைமணி நேரம் கவனித்துக் கேட்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கருப்பையின் வாயில் வரும் புற்று வேறு, கருப்பையின் உள்ளே வரும் புற்று வேறு. வாயில் வருவதை நோய் முற்றுவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. நான் சொல்லப்போகும் இரண்டாவதற்கு, நோய்க்குறி இல்லாத எல்லா ஸ்திரீகளுக்கும் வழக்கமாகச் செய்துபார்க்கும்படியான சோதனை கிடையாது. அதற்குப் பதிலாக அந்த நோயே ஒரு அடையாளம் காட்டுகிறது. மாதவிடாய் நின்றுபோன பிறகு மறுபடியும் ரத்தம் காண்பதே அந்த அடையாளம். இந்நோய் கண்டவர்களில் 100க்கு சுமார் 90 பேருக்கு இது முன்கூட்டியே தெரிகிறது. இப்படி ரத்தம் கண்டவர்கள் எல்லோருக்கும் புற்று என்று அர்த்தமல்ல. அவர்களில் 100க்கு சுமார் 9 பேருக்குத்தான் புற்று இருக்கும். ஆனால் அந்த 9 பேர் யார் என்பது பார்த்தால்தானே தெரியும்?

விஷயம் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்தது. 2025ஆம் வருஷத்தில் அந்நாட்டில் சுமார் 69,000 ஸ்திரீகளுக்கு இந்நோய் புதிதாகக் காணுமென்றும், சுமார் 13,800 பேர் இதனால் சாவார்களென்றும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தார் கணக்கிட்டார்கள். அநேகமான புற்றுகளில் சாவு குறைந்துகொண்டு வரும்போது இதில் ஏறிக்கொண்டு வருகின்றது. அதிலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கின்றது. நோய் கண்டு ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருப்பவர்கள் வெள்ளைக்கார ஸ்திரீகளில் 100க்கு சுமார் 84 பேர், கறுப்பு ஸ்திரீகளில் சுமார் 63 பேர். அந்நாட்டில் கறுப்பு ஸ்திரீகள் இந்நோயால் வெள்ளைக்காரர்களைப் போல் சுமார் இரண்டு மடங்கு சாகிறார்கள். ஒரே நாடு, ஒரே நோய், ஒரே மாதிரியான ஆஸ்பத்திரிக் கட்டடங்கள். அப்படியிருக்க இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இதற்கு அதிகமாகச் சொல்லப்பட்டு வந்த பதில் என்னவென்றால், "அது அவர்கள் உடம்பின் இயற்கை, அவர்களுக்கு வருகிற கட்டியே பொல்லாத கட்டி" என்பதாகும். நம் நாட்டில் தலைவிதி என்று சொல்லி முடித்துவிடுகிறோமே, அதைப் படித்தவர்கள் பேசுகிற பாஷையில் சொன்னால் இப்படித்தான் இருக்கும். இருந்தாலும் பதில் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடக்கூடாது. அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

உண்மை இருக்கத்தான் செய்கிறது. கருப்பையின் உட்சுவரில் வரும் புற்று ஒரே ஜாதியானதல்ல. பெரும்பாலோருக்கு வருவது எண்டோமெட்ரியாய்டு என்கின்ற வகை. இது பெரும்பாலும் மெதுவாக வளரும், சீக்கிரம் கண்டுபிடித்துக் கருப்பையை எடுத்துவிட்டால் அநேகர் பிழைத்துக்கொள்வார்கள். மற்றொன்று சீரஸ் என்பது. இது சீக்கிரம் பரவும். மொத்த நோயாளிகளில் 100க்கு சுமார் 10 பேருக்குத்தான் இது வருகிறது. ஆனால் இந்நோயால் ஏற்படும் சாவுகளில் 100க்கு சுமார் 40 சாவு இந்த 10 பேரைச் சேர்ந்தது. கார்சினோசார்கோமா என்று இன்னொரு கொடிய வகையும் உண்டு. இம்மாதிரிப் பொல்லாத வகைகள் கறுப்பு ஸ்திரீகளுக்கே அதிகமாக வருகின்றன. 2013இல் நூற்றுக்கணக்கான கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்து அவற்றை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். அவற்றில் மிகவும் கெட்ட பிரிவில் பி-53 என்கின்ற மரபணு கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. இந்த பி-53 என்பது உயிரணுவுக்குக் காவற்காரன் மாதிரி. அணு தாறுமாறாகப் பெருகப் புறப்பட்டால் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. காவற்காரன் தொலைந்தால் களவு நடப்பது சகஜந்தானே. கறுப்பு ஸ்திரீகளின் கட்டிகளில் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை அதிகம் என்பதும் மெய்.

ஆனால் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். இப்படிக் காவற்காரன் கெட்டுப்போவது பெரும்பாலும் தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்தல்ல. அந்த ஸ்திரீ பிறந்து வளர்ந்து வாழ்ந்த காலத்தில், அவளுடைய கருப்பையின் ஒரு அணுவில், நடுவில் ஏற்பட்ட கேடாகும். ஆகவே கட்டியில் இருப்பதைக் காட்டி "ரத்தத்தில் இருக்கிறது", "இனத்தில் இருக்கிறது" என்று சொல்லுவது, வீட்டில் திருடன் புகுந்ததைக் காட்டி "அஸ்திவாரம் போடும்போதே திருடன் உள்ளே இருந்தான்" என்று சொல்லுவதற்கே ஒப்பாகும். மேலும் கட்டியின் வகை ஒன்றுதான் காரணமென்றால், ஒரே வகைக் கட்டியும் ஒரே நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட நோயும் உள்ள இருவரில் கறுப்பாயிருப்பவர் முன்னால் சாகக்கூடாது. ஆனால் அங்கேயும் சாகிறார்கள். 2006இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், முற்றிய நோயுள்ளவர்களுக்கு ஒரே திட்டப்படி மருந்து கொடுத்துப் பார்த்தபோதும் கறுப்பு ஸ்திரீகளே சீக்கிரம் இறந்தார்கள். இதைக் கொண்டு "பார்த்தீர்களா, உடம்புதான் காரணம்" என்று சொல்லுவாரும் உண்டு. மருந்துச் சீட்டு ஒன்றாயிருந்தால் வாழ்க்கையும் ஒன்றாயிருந்தது என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்த ஸ்திரீ எத்தனை நாள் ரத்தம் போனபிறகு வைத்தியரிடம் வந்தாள், வந்தபோது வைத்தியர் என்ன செய்தார் என்பதெல்லாம் மருந்துச் சீட்டில் எழுதியிருக்காது.

வைத்தியர் என்ன செய்தார் என்பதற்கே இப்போது வருகிறேன். நான் இவ்வளவு தூரம் பேச வந்ததே முக்கியமாக இதற்காகத்தான்.

மாதவிடாய் நின்ற ஒரு ஸ்திரீ ரத்தம் காண்கிறது என்று வந்தால் இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, மெல்லிய குழாய் ஒன்றைக் கருப்பைக்குள் செலுத்திச் சிறிது சதையை எடுத்து பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது. இது சற்று வலிக்கும். மற்றொன்று, அல்ட்ராசவுண்டு என்கின்ற ஒலி யந்திரத்தால் கருப்பையின் உட்சுவர் எவ்வளவு தடிப்பாயிருக்கிறது என்று அளப்பது. இது வலிக்காது. 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் புற்று இருக்காது, சதை எடுக்க வேண்டியதில்லை, வீட்டுக்குப் போகலாம் என்பதே விதி. அமெரிக்கப் பிரசவ வைத்தியர் சங்கத்தார் 2018இல் வெளியிட்ட யோசனையிலும், முதல் சோதனையாக இதைச் செய்யலாம் என்றிருக்கிறது.

இந்த மில்லிமீட்டர்க் கணக்கு எங்கிருந்து வந்தது? எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியால் கண்டு சொன்னதல்ல. மனுஷர்கள் மனுஷிகளை அளந்து கண்டதுதான். பேர்போன அளவு ஒன்று 1995இல் வெளிவந்தது. ஐரோப்பாவின் வடகோடி நாடுகளில் ரத்தம் கண்ட 1,168 ஸ்திரீகளை அளந்து பார்த்தார்கள். புற்று இருந்த எவருக்கும் உட்சுவர் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாயில்லை. அளந்தவர்கள் யோக்கியமாகத்தான் அளந்தார்கள், அவர்கள்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த 1,168 பேர் யார்? பனி பெய்கிற தேசத்து ஸ்திரீகள். அவர்களுக்குத் தைத்த சட்டையை அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் ஜார்ஜியாவிலும் மிசிசிப்பியிலும் இருக்கிற கறுப்பு ஸ்திரீக்கும் போட்டு, "பொருந்தாவிட்டால் உன் உடம்பைச் சரிப்படுத்திக்கொள்" என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது.

ஏன் பொருந்தாது என்றால் அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, மெதுவான வகைப் புற்று உட்சுவரைத் தடிக்கச் செய்துகொண்டு வளரும். சீரஸ் முதலிய பொல்லாத வகையோ மெலிந்துபோன சுவரிலேயே உண்டாகும், ஆகவே சுவர் தடிக்கும் என்று காத்திருப்பவன் ஏமாந்துபோவான். இரண்டாவது, கருப்பையில் உண்டாகும் நார்க்கட்டிகள். இவை புற்றல்ல. ஐம்பது வயதுக்குள் கறுப்பு ஸ்திரீகளில் 100க்கு 80 பேருக்கு மேல் இவை உண்டாகின்றன. வெள்ளைக்காரர்களில் 70க்குச் சமீபம். கறுப்பு ஸ்திரீகளுக்கு இளவயதிலேயே வருகின்றன, பெரிதாகவும் வருகின்றன. இவை நடுவில் நின்றுகொண்டால் யந்திரத்திற்குச் சுவர் சரியாகத் தெரியாது. சுவரில் கல் முளைத்த கிணற்றில் ஆழம் பார்க்கிற மாதிரிதான்.

இதைச் சும்மா விடாமல் பிடித்துக்கொண்டவர் கெமி டால் என்கின்ற கறுப்பு ஸ்திரீ டாக்டர். வாஷிங்டன் சர்வகலாசாலையில் கருப்பைப் புற்றுக்குச் சிகிச்சை செய்பவர். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2021இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நிஜ ஆட்களையல்ல, கறுப்பு ஸ்திரீகளுக்குள்ள நார்க்கட்டி, கட்டி வகை முதலிய விவரங்களை வைத்துக் கணக்கினாலேயே உண்டாக்கிய ஆட்களை வைத்து இந்த விதியை ஓட்டிப் பார்த்தார்கள். 4 மில்லிமீட்டர் விதியால் வெள்ளைக்காரர்களின் புற்றுகளில் 100க்கு சுமார் 12 தப்பிப்போயின. கறுப்பு ஸ்திரீகளின் புற்றுகளில் பாதிக்கு மேல் தப்பிப்போயின.

கணக்குத்தானே, நிஜமா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் அதையே கேட்டுக்கொண்டு அத்துடன் நிற்கவில்லை. 2024இல் வேறு ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். தென்பகுதியில் ஒரு ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் நிஜமாகவே கருப்பையை எடுத்த 1,494 கறுப்பு ஸ்திரீகளின் தஸ்தாவேஜுகளைப் பார்த்தார்கள். அவர்களில் 210 பேருக்குப் புற்று இருந்தது. அந்த 210 பேரில் 24 பேருக்கு உட்சுவர் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே இருந்தது. அதாவது விதியை நம்பியிருந்தால் 24 பேரையும் "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பியிருக்க வேண்டும். கணக்கில் வந்த பாதியைவிட இது குறைவுதான். அதையும் அவர்கள் மறைக்காமல் அச்சில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த 24 பேரில் ஒருத்தி உங்கள் தாயாராயிருந்தால் 100க்கு எத்தனை என்று கணக்கா கேட்பீர்கள்?

இந்த யந்திரச் சோதனைக்குக்கூடப் போகாதவர்கள் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்காரே வைத்தியச் செலவு கொடுக்கும் ஏற்பாட்டின் தஸ்தாவேஜுகளைப் பார்த்து 2018இல் எழுதினார்கள். பணம் சர்க்கார் கொடுத்தும்கூட, ரத்தம் கண்ட கறுப்பு ஸ்திரீகளுக்குச் சரியான சோதனை நடப்பது வெள்ளைக்காரர்களைவிடக் குறைவாயிருந்தது. அப்படிச் சோதனை நடக்காதவர்களிடமே நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது அதிகமாயிருந்தது.

நிற்க, எண்ணிக்கையிலேயே ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. வெகுகாலம் வரை "கறுப்பு ஸ்திரீகளுக்கு இந்நோய் வருவது வெள்ளைக்காரர்களைவிடக் குறைவு, வந்தால் மாத்திரம் அதிகம் சாகிறார்கள்" என்றே புஸ்தகங்களில் எழுதிவந்தார்கள். எப்படியெனில், ஒரு ஊரில் 100 வீடு இருக்கிறது. 30 வீட்டில் தென்னைமரமே கிடையாது. வண்டு விழுந்த மரம் எத்தனை என்று எண்ணி, மரமில்லாத வீட்டையும் சேர்த்து 100ஆல் வகுத்தால் நம் ஊரில் வண்டு குறைவு என்றுதானே வரும்? அதுபோலவே நார்க்கட்டி முதலியவற்றுக்காகக் கருப்பையையே எடுத்துவிட்டவர்கள் கறுப்பு ஸ்திரீகளில் அதிகம். கருப்பையில்லாதவர்களுக்குக் கருப்பைப் புற்று வராது என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் கணக்கில் அவர்களையும் சேர்த்தே வகுத்து வந்தார்கள். மேகன் கிளார்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டு 2019இலும் 2022இலும் வெளியிட்டார்கள். அதன்படி பொல்லாத வகைகள் கறுப்பு ஸ்திரீகளுக்கு மற்றவர்களைவிட மிக அதிகம் என்பதும், 2010 முதல் 2017 வரை அந்த வகைகளால் ஏற்படும் சாவு வருஷத்திற்கு 100க்கு 2.7 வீதம் ஏறிவந்ததும் வெளியாயிற்று. தப்புக் கணக்கு ஒருவரையும் நேரில் கொல்லுவதில்லை. ஆனால் நோய் குறைவு என்று எழுதிவைத்த இடத்தில் பணமும் போகாது, ஆராய்ச்சியும் போகாது.

கருப்பையை எடுத்தது எல்லாம் சம்மதத்தின் பேரில் எடுத்ததா என்றால் அதுவுமில்லை. ஓட்டுரிமைக்காகப் போராடிய பானி லூ ஹேமர் அம்மையார் 1961இல் ஒரு கட்டியை எடுத்துக்கொள்ள மிசிசிப்பியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். இது அவருக்கு மாத்திரம் நடந்ததல்ல, ஏழைக் கறுப்பு ஸ்திரீகளுக்கு இப்படிச் செய்வதற்கு அந்தப் பக்கத்தில் "மிசிசிப்பி அப்பென்டிக்ஸ் ஆபரேஷன்" என்று பரிகாசப் பெயரே இருந்தது. இன்னும் பின்னால் போனால், ஸ்திரீகளுக்கான ரண வைத்தியத்தின் தகப்பன் என்று கொண்டாடப்பட்ட மரியன் சிம்ஸ் என்பவர் 1840களில் அலபாமாவில் அனார்க்கா, லூசி, பெட்சி முதலிய அடிமைப் பெண்களை மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுத்துத்தான் தமது வித்தையைக் கற்றுக்கொண்டார். அனார்க்காவை மாத்திரம் சுமார் 30 தடவை அறுத்தார். நியூயார்க்கில் இருந்த அவருடைய சிலையை 2018இல்தான் அப்புறப்படுத்தினார்கள். பாட்டி, தாய் வழியாக இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த ஒருத்தி, ரத்தம் கண்டவுடன் ஓடோடி ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் அவளுக்கு அறிவில்லை என்று சொல்லுவதா?

இன்னொரு விஷயம், தலைமயிரைப் பற்றியது. சிரிக்காதீர்கள். கறுப்பு மக்களின் மயிர் சுருண்டிருப்பது இயற்கை. அதை வெள்ளைக்காரர் மயிரைப்போல் நீட்டிவிட்டால்தான் உத்தியோகம், மரியாதை என்று வெகுகாலமாகப் பழக்கிவிட்டார்கள். இதற்கான மருந்துகள் சிலவற்றில் பார்மால்டிஹைடு முதலிய கெட்ட சரக்குகள் இருக்கின்றன. பிணம் அழுகாமலிருக்கத் தடவுகிறார்களே, அதே சரக்குத்தான். அமெரிக்காவில் 33,497 ஸ்திரீகளைச் சுமார் 11 வருஷம் கவனித்து 2022இல் கண்டதைச் சொல்லுகிறேன். அவர்களில் 378 பேருக்குக் கருப்பைப் புற்று வந்தது. இம்மருந்தைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் நோய் வருவது 100க்கு 1.64 என்றும், வருஷத்தில் நாலு தடவைக்கு மேல் உபயோகித்தவர்களில் 4.05 என்றும் மதிப்பிட்டார்கள். இரண்டும் சேர்ந்து காணப்பட்டதினாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதில் ஒரு ருசிகரமான சங்கதி உண்டு. உபயோகித்தவள் வெள்ளையா கறுப்பா என்பதால் இந்தச் சம்பந்தத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் உபயோகித்தவர்களில் 100க்கு சுமார் 60 பேர் கறுப்பு ஸ்திரீகள். அப்படியானால் வித்தியாசம் இருப்பது உடம்பிலா, டப்பாவிலா? அந்த டப்பாவை அவள் கையில் கொடுத்தவர்கள் யார்?

சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. பொல்லாத கட்டி என்று பெயர் வைத்துவிட்டதினாலேயே அது தீராத கட்டியாகிவிடாது என்பதற்கு ஒரு உதாரணம் மாத்திரம் சொல்லுகிறேன். சீரஸ் கட்டிகளில் சுமார் மூன்றில் ஒரு பாகத்தில் ஹெர்-2 என்கின்ற சரக்கு அளவுக்கு மீறி இருக்கிறது. மார்பகப் புற்றில் இதை எதிர்க்க ஏற்கெனவே டிராஸ்டுசுமாப் என்கின்ற மருந்து இருந்தது. அதை இந்த ஸ்திரீகளில் சுமார் 60 பேருக்குள் சோதித்து 2018இல் வெளியிட்டதில், நோய் மறுபடியும் தலைதூக்காமலிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 12.6 மாதமாக நீண்டது. கட்டியை "அவர்கள் இயற்கை" என்று தள்ளிவிடாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததினால் கிடைத்த மாதங்கள் இவை.

இங்கே ஒரு தோழர் துண்டுக் காகிதத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார். "அப்படியானால் அல்ட்ராசவுண்டு யந்திரத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா?" என்று கேட்கிறார். எறிய வேண்டியதில்லை. யந்திரம் பொய் சொல்லவில்லை, அது கண்டதைத்தான் சொல்லுகிறது. கண்டதற்கு மேல் அர்த்தம் பண்ணினவர்கள் நாம். சுவர் மெலிந்திருக்கிறது என்று யந்திரம் சொன்ன பிறகும் ரத்தம் நிற்காமல் காணுமானால், அல்லது நின்று மறுபடியும் காணுமானால், சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த வைத்தியர் சங்கத்தாரின் யோசனையிலேயே இருக்கிறது. கெமி டால் முதலியவர்கள் ஒரு படி மேலே போய், கறுப்பு ஸ்திரீகள் விஷயத்தில் யந்திரத்தை நம்பிக் காத்திராமல் முதலிலேயே சதை எடுத்துப் பாருங்கள் என்கிறார்கள்.

இன்னொரு சீட்டு, ஒரு தாயார் அனுப்பியது. "எங்கள் வீட்டுப் பெரியம்மாளுக்கு அறுபது வயது. இரண்டு தடவை ரத்தம் கண்டது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். அம்மா, நாளைக் காலையிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். தடவை எத்தனை, எந்தத் தேதி என்பதை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். "வயசாகிவிட்டது, இதெல்லாம் சகஜம்" என்று யாராவது சொன்னால், சதை எடுத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.